அடிமரம்



எங்கள் ஊர்களிலுள்ள சந்திகளின் பெயர்களையும் குறிச்சிகளின் பெயர்களையும் சற்று நினைத்துப் பாருங்கள். ஆலடி, புளியடி, வேம்படி, இலுப்பையடி, நாவலடி. பஸ்ஸில் ஏறி, "என்னை இலுப்பையடியிலை இறக்கி விடுங்கோ" என்கிறோம். மரத்தின் பூவை வைத்தோ காயை வைத்தோ நாங்கள் இடத்துக்குப் பெயர் சூட்டவில்லை. மரம் நிலத்தில் ஊன்றி நிற்கும் அடியை வைத்தே பெயர் சூட்டினோம். மரம் பட்டுப்போய், அது நின்ற இடத்தில் கடை எழும்பிய பின்னரும் அந்த 'அடி' மட்டும் பெயரில் மிஞ்சி நிற்கிறது. செய்யுளின் வரிக்கும் அடி என்றுதான் பெயர். காலுக்கும் அடி. தாங்கி நிற்பது எதுவோ அது அடி.

ஆயினும் பூவைப் பாடியவர்களையும் நிழலைப் பாடியவர்களையும் போல அடிமரத்தைப் பாடியவர்கள் எங்களிடையே அதிகமில்லை. அந்தக் குறையைத் தீர்க்கும் ஆற்றல் எனக்கில்லை. எனினும் இன்று அடிமரத்தைப் பற்றியே பேச விரும்புகிறேன். அதற்குக் காரணம் ஒரு வழக்கு. எங்கள் வளவில் நிற்கும் இலுப்பை மரத்தின்மீது தொடரப்பட்ட வழக்கு அது. வழக்காளி என்னுடைய சொந்தத் தங்கை.

2017ஆம் ஆண்டு, இலங்கையில் முன்னொருபோதும் இல்லாத அளவுக்கு டெங்குக் காய்ச்சல் பரவிய ஆண்டு. அந்த ஓராண்டில் மட்டும் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் அதிகமானோர் நோய்க்கு ஆளானதாகப் பதிவாயிற்று. அந்த ஆண்டு மாரியிலே தங்கையின் பேரனுக்கும் காய்ச்சல் கண்டது. ஆறு வயதுப் பிள்ளை. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாட்கள் கிடந்தான். குருதிச் சிறுதட்டுக்களின் எண்ணிக்கை இன்று எவ்வளவு, நேற்றைக்கு எவ்வளவு என்று கேட்டுக்கேட்டு வீடு முழுவதும் உறங்காமல் இருந்த நாட்கள் அவை. நல்ல காலம், பிள்ளை பிழைத்து வீடு வந்தான். வந்த அன்று பின்னேரமே தங்கை என்னிடம் வந்தாள்.

"அண்ணை, உந்த இலுப்பையைத் தறிக்கோணும். உள்ளெல்லாம் கோறை, எப்ப விழுமோ தெரியாது. ஆந்தை வேறை இருந்து அலறுது. பொந்துக்குள்ளை தண்ணி நிண்டு நுளம்பு பெருகுது. மரம் பெரிசோ, பிள்ளை பெரிசோ?"

இந்தக் கேள்விக்கு மறுமொழி சொல்ல முடியாது. பிள்ளைதான் பெரிது. அதில் வாதத்துக்கு இடமில்லை. ஆனால் அவள் சுமத்திய குற்றங்கள் மூன்றையும் ஒவ்வொன்றாக விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. இரண்டு கிழமை தவணை கேட்டேன். தந்தாள்.

அந்த மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. என் பாட்டனார் சிறுவனாக இருந்தபோதே அது பெரிய மரம் என்பார்கள். 1995 ஒக்ரோபர் முடிவில் வலிகாமத்தை விட்டு எல்லோரும் இடம்பெயர்ந்தபோது நாங்களும் அதனடியில் பொதிகளை இறக்கிவைத்து, கட்டி, தூக்கிக்கொண்டு போனோம். மறுவருடம் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. மரம் நின்றது. அதன் மேற்குப் பக்கத்தில் ஒரு செல் துண்டு செருகியிருந்தது. இன்று அந்தத் துண்டை நீங்கள் தேடினாலும் காணமாட்டீர்கள். மரம் அதைச் சுற்றி வளர்ந்து, தன்னுள்ளே வாங்கி மூடிவிட்டது. ஒரு புடைப்பு மாத்திரம் தெரியும்.

முதலாவது குற்றம், கோறை. விசாரணைக்கு எங்கள் ஊர்த் தச்சாசாரியார் ஒருவரை அழைத்தேன். எழுபது வயது கடந்தவர். முதிரை மரத்தூள் பட்டுப்பட்டு முழங்கைவரை தோல் கறுத்துச் சொறிந்திருக்கும் கைகள் அவருடையவை. முதிரை அரிபவர்களுக்கு இந்தத் தொல்லை வருவதுண்டு. அவர் மரத்தை ஒருமுறை சுற்றி வந்தார். பிறகு கோடரியின் பின்புறத்தால் அடியிலிருந்து தலையுயரம் வரை தட்டித்தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். வைத்தியர் நெஞ்சில் விரல் வைத்துத் தட்டுவாரே, அதே போல. ஓரிடத்தில் 'டொக்' என்றது. இன்னோரிடத்தில் 'தொம்' என்றது. நெஞ்சளவு உயரத்தில் கையகலப் பொந்து ஒன்று உண்டு. அதற்குள் நுனி வளைத்த கம்பியொன்றை விட்டு, உட்சுவரில் கொளுவி, கம்பியில் நகத்தால் அடையாளம் வைத்து வெளியே எடுத்தார்.

"ஐயா, நடு முழுக்கக் கோறைதான். ஆனா கரை பத்து அங்குலம் இருக்கு. நல்ல வைரம். மரத்துக்கு வருத்தமெண்டு சொல்லமாட்டன்."

கோறை விழுந்த மரத்துக்கு வருத்தமில்லையா? இதை விளங்கிக்கொள்ள அடிமரத்தின் உள்ளமைப்பைச் சற்றுப் பார்க்க வேண்டும். வெளியே பட்டை. பட்டையின் உட்புறத்தில் உரியம். இலை சமைத்த உணவு இதன் வழியே வேருக்கு இறங்குகிறது. அதற்கும் உள்ளே, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய உறையாக மாறிழையம். மரத்தைப் பருக்கச் செய்வது இதுவே. அதற்கும் உள்ளே, வேரிலிருந்து நீரை மேலேற்றும் காழ். காழின் வெளிப்பகுதியைத் தச்சர்கள் வெள்ளை என்று செதுக்கித் தள்ளுவார்கள். நடுவிலுள்ள கரிய பகுதியை வைரம் என்று போற்றுவார்கள். ஆனால் மரத்தின் கணக்கு வேறு. தச்சர் தள்ளும் வெள்ளைதான் அதற்கு உயிர்நாடி. நாங்கள் மதிக்கும் வைரம், மரம் வாழ்ந்து முடித்த பகுதி. அது தாங்குமேயன்றி வாழ்வதில்லை. ஆகவே நடுவெல்லாம் போனாலும் மரம் வாழலாம். மாறாக, பட்டையைச் சுற்றிவர ஒரு சாண் அகலத்துக்கு உரித்துவிட்டால், எவ்வளவு பெரிய விருட்சமும் சிறிது காலத்தில் பட்டுவிடும். இருதயத்துக்கு நல்லதென்று மருதம்பட்டையைச் சுற்றிவர உரிப்பவர்களும், வேலிமரத்தை முள்ளுக்கம்பியால் இறுக்கிக் கட்டுபவர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும்.

இந்த இடத்தில் தொல்காப்பியரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. வெளிப்புறம் வயிரமாயிருப்பதைப் புல் என்றும், உட்புறம் வயிரமாயிருப்பதை மரம் என்றும் மரபியலிலே அவர் வகுத்தார். அவர் வைரத்துக்குச் சொன்ன 'காழ்' என்ற சொல்லையே எங்கள் பாடசாலைத் தாவரவியல் நூல்களும் எடுத்தாண்டன. அந்தக் கணக்கில் பனை ஒரு புல். பெயரில் மட்டுமல்ல, வாழ்க்கையிலும் அப்படித்தான். பனையில் மாறிழையம் இல்லை, அது பருப்பதில்லை, புதிய மரத்தைச் சுற்றி வளர்த்துக் காயத்தை மூடவும் அதனால் இயலாது. ஆனையிறவு, பளை, முகமாலைப் பக்கமெல்லாம் பனைகளில் பட்ட சன்னங்களின் துளைகள், பட்டது பட்டபடி இருந்தன. இலுப்பை தன் துண்டை விழுங்கி மறைத்தது. பனை தன் காயத்தைக் காட்டிக்கொண்டே நின்றது.

மரம் காயத்தை மறைக்கிறது என்றேனே தவிர, ஆற்றுகிறது என்று சொல்லவில்லை. அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் சைகோ (1930-2006) என்ற ஆய்வாளர் ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காகப் பிளந்து பார்த்து, 1977இல் இதைத் தெளிவாக எழுதி வெளியிட்டார். மனிதரின் புண் ஆறுகிறது; கெட்ட தசை போய் நல்ல தசை வருகிறது. மரத்தின் புண் ஆறுவதில்லை. மரம் அழுகலைச் சுற்றித் தன்னுள்ளேயே சுவரெழுப்பி, கெட்டதை அறைக்குள் அடைத்துவிட்டு, வெளியே புதிதாய் வளர்கிறது. சைகோவுக்கு முன்னர் பொந்தைச் சுரண்டிச் சுத்தமாக்கி, சீமெந்து நிரப்புவதே மரவைத்தியம் என்று உலகமெங்கும் நினைத்திருந்தார்கள். சுரண்டும்போது மரம் அரும்பாடுபட்டு எழுப்பிய அந்தச் சுவர் உடைந்து, அழுகல் நல்ல பகுதிக்குள் பாய்ந்துவிடும் என்பதை அவரே எடுத்துக்காட்டினார். எங்கள் ஐயாவும் ஒருமுறை இலுப்பைக்குச் சீமெந்து பூச ஆயத்தம் செய்தவர்தான். சீமெந்துக்குத் தட்டுப்பாடு வந்ததால் மரம் தப்பியது.

சரி, உயிர் இருக்கிறது, உறுதி இருக்கிறதா? சைக்கிளின் பார் உள்ளே வெறுமைதான். ஆனாலும் இருவரைத் தாங்குகிறது. வளைக்கும் விசையை எதிர்ப்பதில் வெளிவிளிம்புக்கே பெரும்பங்கு. ஜெர்மனியைச் சேர்ந்த கிளவுஸ் மற்றேக் என்ற பௌதிகவியலாளர், நின்ற மரங்களையும் முறிந்த மரங்களையும் அளந்து, 1990களில் ஒரு கணக்குச் சொன்னார். நல்ல மரத்தாலான சுவரின் தடிப்பு, அடிமரத்தின் ஆரையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்குக்குக் குறைந்தால், முறியும் ஆபத்துக் கூடுகிறது என்பது அது. இதை இறுதி வாக்காக எல்லா அறிஞர்களும் ஏற்கவில்லை. வேர், வெடிப்பு, கொப்புகளின் பாரம் எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பார்கள். எங்கள் இலுப்பையின் விட்டம் நான்கு அடி. ஆரை இருபத்துநான்கு அங்குலம். மூன்றிலொரு பங்கு எட்டு. ஆசாரியாரின் கம்பி காட்டியது பத்து. ஆனால் வீட்டுக் கூரைக்கு மேலே நீண்டிருந்த தென்புறக் கொப்பின் கவட்டில் வெடிப்பு இருந்தது. "அதை மட்டும் இறக்க வேணும்" என்றார். முதலாவது குற்றத்தில் அடிமரம் விடுதலை, கொப்புக்குத் தண்டனை.

இரண்டாவது குற்றம், ஆந்தை. ஆந்தை அலறினால் வீட்டில் இழவு விழும் என்ற பயம் என் தங்கைக்கு மட்டுமல்ல, எங்கள் பலருக்கும் உண்டு. பிள்ளை காய்ச்சலில் கிடந்த வீட்டில் அந்தப் பயத்தைச் சிரித்துத் தள்ள முடியாது. ஆகவே நான் வாதாடவில்லை. சாய்மனைக் கதிரையை முற்றத்தில் போட்டு, நாள்தோறும் மாலை வேளையில் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உயரத்தில், பட்டுப்போன ஒரு கொப்பின் கட்டையில் வட்டமான துளையொன்று. அது மரங்கொத்தி வெட்டியது. எங்கள் வடபுலத்து மரங்கொத்திக்கு முதுகு பொன்னிறம். தெற்கே போனால் அதன் உறவுப்பறவைக்கு முதுகு செந்நிறம். இடைப்பட்ட பிரதேசத்தில் இரண்டும் கலந்த நிறப் பறவைகளும் உண்டு. தான் வெட்டிய வீட்டை விட்டு மரங்கொத்தி போன பிறகு, சொந்தமாக வெட்டத் தெரியாத கிளியும் மைனாவும் குண்டுக்கரிச்சானும் குடியேறுகின்றன. எங்கள் துளையில் அப்போது கிளிகள் இருந்தன. கீழே, ஆசாரியார் கம்பி விட்ட பொந்தில் பல்லிகளும் ஓர் ஓணானும். இருட்டத் தொடங்கியதும் நடுக் கோறையிலிருந்து மரநாய் ஒன்று இறங்கி, வேலியோரமாகப் போனது. அதற்கும் பிறகு, உச்சிப் பொந்தின் வாயில் இதய வடிவான வெள்ளை முகமொன்று தோன்றியது. கூகை. ஓசையே எழாமல் வயற்பக்கம் பறந்தது.

மறுநாள் காலை மரத்தடியில் கறுத்த உருண்டைகள் சில கிடந்தன. கூகை இரையை முழுதாக விழுங்கி, செரிக்காத மயிரையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கிவிடும். ஓர் உருண்டையைத் தண்ணீரில் ஊறவைத்துக் குச்சியால் பிரித்தேன். எலிகளின் மண்டையோடுகள் மூன்று. ஒரே உருண்டையில் மூன்று! அதைத் தங்கையிடம் காட்டினேன். அவள் ஒன்றும் பேசவில்லை. நெல்லுக்கு மட்டுமல்ல, உடலுக்கும் எலி கேடு. 2024 டிசெம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்கள் பலியானதை நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கூகை இருந்தால் எலிக்காய்ச்சல் வராது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எலி தின்னும் பறவையைத் துரத்திவிட்டு, எலிக்கு நஞ்சு வாங்கக் கடைக்குப் போவதில் என்ன நியாயம்?

இன்னுமொன்று. டானியல் ஜான்சென் என்ற அறிஞர் 1976இல் ஒரு கேள்வி கேட்டார். வெப்பவலய மரங்களில் ஏன் இத்தனை கோறை? அவர் முன்வைத்த கருத்து இது: நடு உழுத்துப் போவது மரத்துக்கு நட்டமாக இருக்க வேண்டியதில்லை. கோறையில் குடியிருக்கும் வௌவாலும் பறவையும் இடும் எச்சம் அடியில் சேர்ந்து, மரத்துக்கே பசளையாகலாம். குடியிருப்பவர் வாடகை கொடுக்கிறார் என்பது போல. இது ஒரு கருதுகோளே. ஆனால் அதை வாசித்தபோது எனக்கு அம்மாவின் நினைவு வந்தது. தன் ரோசாச் செடிகளுக்கு இலுப்பைப் பொந்தின் கறுத்த மண்ணைத்தான் சிரட்டையால் அள்ளிவந்து போடுவார். அந்த ஊரில் அப்படிப் பூத்த ரோசாக்களை நான் வேறெங்கும் காணவில்லை.

பொந்துக்கு எவ்வளவு தட்டுப்பாடு என்பதைப் போருக்குப் பின்னர் கண்டேன். பனைக்கு உயிர் அதன் வட்டில் மட்டுமே இருக்கிறது. தலை போனால் பனை போயிற்று. செல்லடியில் தலையிழந்த பனைகள் வரிசை வரிசையாக நின்ற வெளிகளில், அந்த மொட்டைகளின் துளைகளிலிருந்து கிளிகள் தலைநீட்டின. எங்களுக்கு அது அழிவின் காட்சி. கிளிக்கு அது வீடு. அந்த மொட்டைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. கிளிகள் எங்கே போவது? வன்னிக் காட்டில் இருவாட்சியின் நிலையும் இதுதான். அதற்குப் பொந்து வெட்டத் தெரியாது. முட்டையிடும் பேடு ஒரு முதிய மரத்தின் பொந்துக்குள் புகுந்து, கீற்றளவு இடைவெளி விட்டு வாசலை அடைத்துக்கொள்ள, சேவல் அந்தக் கீற்றின் வழியே மாதக்கணக்காகத் தீன் ஊட்டுகிறது. அந்த மரம் தறிபட்டால், காட்டில் ஆயிரம் இளமரம் நின்றாலும் அந்தப் பறவைக்கு வீடில்லை. பொந்து விழ மரம் முதுமை அடைய வேண்டும். முதுமையை நாற்றுமேடையில் வளர்த்து நட முடியாது.

மூன்றாவது குற்றம், நுளம்பு. இங்கேதான் என் மரம் முழுக்க நிரபராதி அல்ல. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். நானும் அவரும் வளவு முழுவதும் தேடினோம். பழைய ரயர் ஒன்று, இளநீர்க் கோம்பைகள், பூச்சாடித் தட்டுக்கள், இலை அடைத்த பீலி, கோழிக்குத் தண்ணீர் வைத்த சட்டி. இவற்றில் நான்கு இடங்களில் குடம்பிகள் நெளிந்தன. பிறகு ஏணி வைத்து இலுப்பையில் ஏறினோம். இரண்டு கொப்புகள் பிரியும் கவட்டில் ஒரு கிண்ணம் போன்ற குழி. அதிலும் தண்ணீர், அதிலும் குடம்பிகள். டெங்கைப் பரப்பும் நுளம்புகள் இரண்டில் ஒன்று வீட்டுப் பாத்திரங்களையே பெரிதும் நாடுவது. மற்றது மரக்குழிகளிலும் கோம்பைகளிலும் தாராளமாக முட்டையிடுவது. ஆகவே தங்கை சொன்னதில் உண்மை இருந்தது. அவளிடம் போய், "நீ சொன்னது சரி" என்றேன்.

ஆனால் கிளியும் கூகையும் இருந்த பொந்துகள் பக்கவாட்டில் வாய் உள்ளவை. அவற்றில் மழைநீர் தேங்கவில்லை. வானம் பார்த்த குழியே குற்றவாளி. பரிசோதகர் சொன்ன பரிகாரம் மிக எளிது: குழியைச் சுரண்டாமல், மணலால் விளிம்புவரை நிரப்பிவிடுங்கள். முட்டைகள் ஈரமின்றியும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். முதல் மழையில் பொரிக்கும். ஆகவே மாரி தொடங்க முன்னரே நிரப்ப வேண்டும். முட்டை நுளம்பாவதற்கு ஏறத்தாழ ஒரு கிழமைதான் செல்லும். ஆகவே கிழமைக்கு ஒருமுறை வளவைச் சுற்றிப் பார்க்க வேண்டும். ஒரு வாளி மணலில் முடிந்த காரியம். மரத்தைத் தறித்திருந்தாலும் ரயரும் கோம்பையும் பீலியும் அப்படியே இருந்திருக்கும். மரம் போன நிம்மதியில் அவற்றை நாங்கள் தேடியும் இருக்கமாட்டோம். எனக்குப் பயத்தைத் தந்தது இந்த எண்ணந்தான்.

தவணை முடிந்த அன்று மரவியாபாரி ஒருவரும் வந்தார். தங்கை சொல்லியனுப்பியிருந்தாள். மரத்தைச் சுற்றிப் பார்த்தவர், மேற்குப் பக்கத்துப் புடைப்பைக் கண்டதும் கையை எடுத்துவிட்டார். "செல் துண்டு இருக்கிற மரம், ஐயா. வாள் போயிடும்." முதலாம் உலகப் போருக்குப் பின்னர் வடபிரான்சின் காட்டு மரங்களையும் மரஆலைக்காரர்கள் இதே காரணத்தால் வாங்கத் தயங்கினார்கள். மரத்தைக் கொல்ல வந்த துண்டு மரத்துக்குக் காவலாயிற்று.

இப்படியாக வழக்கு முடிந்தது. தென்புறக் கொப்பு இறக்கப்பட்டது. குழிக்கு மணல் போடப்பட்டது. ரயர் வளவை விட்டுப் போயிற்று. அடிமரம் நின்றது. நான் வென்றேன் என்று சொல்லமாட்டேன். தங்கை கேட்டிராவிட்டால் நான் அந்த மரத்தில் ஏறிப் பார்த்திருக்கவே மாட்டேன். பிள்ளைமேல் அவள் கொண்ட பயம்தான் மரத்தை எனக்குக் காட்டித் தந்தது.

இன்றைக்கும் ஐப்பசி பிறந்தால் அவள்தான் முதலில் கேட்பாள்: "அண்ணை, கவட்டுக்கு மண் போட்டாச்சோ?" ஆந்தையை மட்டும் அவளுக்கு இன்னமும் பிடிக்காது. அலறினால் எழும்பித் திருநீறு பூசிக்கொள்வாள். ஆனால் துரத்தச் சொல்வதில்லை.

நேயர்களே, உங்கள் வளவிலும் ஒரு பழைய மரம் நிற்கக்கூடும். அதை நம்பி வாழுங்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு நான் சொல்லவில்லை. சில மரங்களைத் தறிக்கத்தான் வேண்டும். ஆனால் கோடரியின் கூர்ப்பக்கத்தை எடுப்பதற்கு முன், அதன் பின்பக்கத்தால் ஒருமுறை தட்டிக் கேளுங்கள். ஒரு மாலைப்பொழுது முழுதும் பார்த்திருங்கள். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு தீர்மானியுங்கள்.